யார் கண்டுபிடித்தது? இசைக்கருவிகளைத் தேடி ஆறு நாள்

முதல் நாள்: பிளாவ்பாய்ரன், ஜெர்மனி

பொது அறிவுப் புத்தகங்களில் 'கண்டுபிடிப்புகளும் கண்டுபிடித்தவர்களும்' என்று ஒரு பக்கம் இருக்கும். பியானோ என்றால் கிறிஸ்டோஃபோரி, சாக்சஃபோன் என்றால் அடால்ஃப் சாக்ஸ். வயலினுக்கு நேரே ஒரு புத்தகத்தில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர். குழலும் முரசும் பட்டியலிலேயே இருக்காது. அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்த காலத்தில் இருந்தே எனக்கு அதன் மேல் ஒரு சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் இப்போது கிளம்பியிருக்கிறேன். ஆறு நாள், மூன்று நாடு, பெரும்பாலும் ரயில். தினமும் இரவு எழுதிப் போட உத்தேசம், தூக்கம் விட்டால்.

தொடக்கமே சொதப்பல். உல்ம் நகரத்தில் ரயில் ஏறி, முதலில் பழங்காலக் குழல் ஒன்று கிடைத்த ஹோலே ஃபெல்ஸ் குகைக்குப் போனேன். ஷெல்க்லிங்கன் ஊருக்கு வெளியே, பாறை அடிவாரத்தில் இருக்கிறது. குறிப்பிட்ட நாட்களில் மட்டும்தான் திறப்பார்கள், இன்று அந்த நாள் இல்லை. பார்க்காமல் வந்தது என் தப்பு. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு இருட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நல்லவேளை, குகையில் கிடைத்த குழல் குகையில் இல்லை. பிளாவ்பாய்ரன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. 2008இல் தோண்டியபோது 12 துண்டுகளாகக் கிடைத்ததைச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். பிணந்தின்னிக் கழுகின் இறக்கை எலும்பு. நீளம் 22 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, தடிமன் ஒரு பென்சில் அளவு. வயது ஏறக்குறைய 40,000 ஆண்டுகள்.

வயதைக் கேட்டு வாயைப் பிளக்கத் தயாராகத்தான் போனேன். ஆனால் என்னை நிறுத்தியது வேறு. ஐந்து துளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் எலும்பை லேசாகக் குழித்துச் சீவியிருக்கிறார்கள், விரல் நுனி காற்றுப் புகாமல் பதிய வேண்டும் என்பதற்காக. துளைகளுக்குப் பக்கத்தில் மயிரிழைக் கீறல்கள் தெரிகின்றன. எங்கே துளைக்க வேண்டும் என்று அளந்து போட்ட குறிகளாக இருக்கலாம் என்கிறார்கள். கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தால்தான் இதெல்லாம் தெரியும். ஊதும் முனையில் 'வி' வடிவத்தில் இரண்டு வெட்டுகள் உண்டு. மறுமுனை உடைந்து போயிருக்கிறது.

இது முதல் முயற்சி செய்தவர் கை இல்லை. துளைக்கு மட்டம் பார்க்கத் தெரிந்தவர், அதற்கு முன் எத்தனை எலும்பை வீணாக்கியிருப்பாரோ.

பக்கத்துக் குகையான கைசன்குளோஸ்டர்லேயில் கிடைத்தது இதைவிட விசித்திரம். மாமூத் யானைத் தந்தத்தில் செய்த குழல் அது. பறவை எலும்புக்கு உள்ளே ஏற்கெனவே வெற்றிடம் உண்டு, துளை போட்டால் போதும். தந்தம் கெட்டி. அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, மறுபடி பொருத்தி, காற்றுக் கசியாமல் ஒட்டியிருக்கிறார்கள். எதற்கு இந்த வீண் வேலை? என் ஊகம் இதுதான்: எலும்பின் நீளம் கழுகு கொடுத்தது, தந்தத்தின் நீளம் செய்பவர் முடிவு செய்தது. இருப்பது போதவில்லை என்று 40,000 ஆண்டுக்கு முன்பே ஒருவருக்குத் தோன்றிவிட்டது.

இரண்டாம் நாள்: ரயிலில்

முழு நாளும் பயணம். மியூனிக்கில் மாறி, ஆல்ப்ஸைக் கடந்து ஃபிளாரன்ஸ். மலையைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

நேற்றுப் பார்த்ததைப் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். 'உலகின் முதல் கருவி குழல்' என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். எலும்பும் தந்தமும் மண்ணுக்குள் தாக்குப்பிடித்தன, அவ்வளவுதான். தோல் மக்கிவிடும், மரம் மக்கிவிடும், நாணலும் மூங்கிலும் தடமே இல்லாமல் போய்விடும். முரசு குழலுக்கு முந்தியதா பிந்தியதா என்று எந்தக் குகையும் சொல்லப்போவதில்லை. கைதட்டல் எதற்கு முந்தியது என்று கேட்கவே வேண்டாம்.

எலும்பிலும் வம்பு உண்டு. ஸ்லோவேனியாவின் திவ்யே பாபே குகையில் 1995இல் ஒரு குகைக் கரடிக்குட்டியின் தொடை எலும்பு கிடைத்தது, துளைகளோடு. நியாண்டர்தால் மனிதர் செய்த குழல் என்று ஒரு தரப்பு. ஏதோ ஒரு விலங்கு கடித்த பல் தடம் என்று இன்னொரு தரப்பு. சண்டை இன்னும் ஓயவில்லை.

மூன்றாம் நாள்: ஃபிளாரன்ஸ்

அகாதெமியா காட்சிக்கூடத்தின் வாசலில் வரிசை தெரு முனை வரை நின்றது. அத்தனை பேரும் மிக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலைக்காக. அதே கட்டடத்தில், இந்த ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பம் சேர்த்த இசைக்கருவிகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. உள்ளே என்னையும் சேர்த்து நான்கு பேர். அதில் ஒருவர் கழிப்பறைக்கு வழி தேடி வந்தவர்.

பார்த்தொலோமியோ கிறிஸ்டோஃபோரி பதுவா ஊர்க்காரர். 1688இல், தம் 33 வயதில், இளவரசர் ஃபெர்டினாண்டோ மெடிச்சியின் கருவிகளைப் பராமரிக்க இங்கே வந்தார். ஹார்ப்ஸிகார்ட் என்ற, பியானோவுக்கு முந்தைய கட்டைக் கருவிகளைப் பழுது பார்ப்பது, சுருதி சேர்ப்பது, புதிது செய்வது இவைதான் வேலை. அந்தக் கருவியின் குறை அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்? கட்டையை அழுத்தினால் உள்ளே ஓர் இறகுத் துண்டு தந்தியைச் சுண்டும். மெதுவாக அழுத்தினாலும் சரி, ஓங்கி அழுத்தினாலும் சரி, ஒரே சத்தம். கிளாவிகார்ட் என்று இன்னொன்று இருந்தது. அதில் ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது.

சுண்டுவதற்குப் பதில் சுத்தியலால் தட்டலாமே என்பது பெரிய யோசனை இல்லை. சுத்தியல் போய்த் தட்டிவிட்டு அங்கேயே நின்றால் ஒலி செத்துவிடும், அதுதான் சிக்கல். தட்டிய கணமே விலக வேண்டும், ஆனால் விரல் இன்னும் கட்டையின் மேல்தான் இருக்கும். கிறிஸ்டோஃபோரி இடையில் ஒரு நெம்புகோல் ஏற்பாட்டைப் புகுத்தினார். கட்டை சுத்தியலைக் கடைசி வரை தள்ளுவதில்லை. தந்திக்குக் கிட்டே வரை தள்ளிவிட்டு, கையை விட்டுவிடுகிறது. மிச்சத் தூரம் சுத்தியல் தானாகப் பறக்கிறது, தட்டுகிறது, விழுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க அருங்காட்சியகம் தேவையில்லை. விடுதிக் கூடத்தில் ஒரு பழைய பியானோ கிடந்தது. சாயங்காலம் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு கட்டையை மிக மிக மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். அடிவரை போய்விட்டது. சத்தமே இல்லை. சுத்தியலுக்குப் பறக்க வேகம் போதவில்லை. இரண்டாம் முறை சற்று வேகமாக அழுத்தினேன், மெல்லிய ஒலி வந்தது. மூன்றாம் முறை ஓங்கி. வரவேற்பு மேசைப் பெண் எட்டிப் பார்த்தார். 300 ஆண்டுக்கு மேலாகியும் அந்த ஏற்பாட்டின் அடிப்படை மாறவில்லை.

1700ஆம் ஆண்டு மெடிச்சி கருவிகளின் கணக்குப் பதிவேட்டில் இந்தப் புதுக் கருவி வருகிறது: மெல்லவும் ஓங்கியும் ஒலிக்கும், கிறிஸ்டோஃபோரியின் புதுக் கண்டுபிடிப்பு என்று. இத்தாலிய மொழியில் பியானோ என்றால் மெல்ல, ஃபோர்த்தே என்றால் ஓங்கி. பிற்காலத்தில் பேச்சுவழக்கில் பின்பாதி தேய்ந்து, வெறும் பியானோ ஆகிவிட்டது. ஒரு பெரிய அரங்கையே அதிரவைக்கும் கருவிக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் 'மெல்ல'.

1711இல் ஷிப்பியோனே மாஃபேய் என்பவர் படத்தோடு கட்டுரை எழுதினார். ஆனால் இத்தாலியில் பெரிதாக எடுபடவில்லை. அந்தப் பொறியமைப்பு ஜெர்மனிக்குப் போனது, அங்கே கோட்ஃப்ரீட் ஸில்பர்மான் என்ற கருவி செய்பவர் அதைப் பார்த்துச் செய்தார். அதன் பிறகுதான் வளர்ச்சி. 1825இல் பாஸ்டனில் ஆல்ஃபியஸ் பாப்காக் ஒரே வார்ப்பில் இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய பெரிய பியானோவில் தந்திகளின் மொத்த இழுப்பு 20 டன் அளவுக்குப் போகிறது. மரச்சட்டம் தாங்குமா?

கிறிஸ்டோஃபோரி செய்த பியானோக்களில் மூன்றுதான் மிச்சம். 1720இல் செய்தது நியூயார்க்கில், 1722இல் செய்தது ரோமில், 1726இல் செய்தது லைப்ஸிக்கில். ஃபிளாரன்ஸில் ஒன்றுகூட இல்லை. இங்கே இருப்பது 1690இல் அவர் செய்த முட்டை வடிவ ஸ்பினெட், அதாவது சிறிய ஹார்ப்ஸிகார்ட். அழகுதான். ஆனால் நான் தேடி வந்தது அது இல்லை.

கிளம்பும்போது, வயலின் செய்வதில் பேர்பெற்ற ஸ்ட்ராடிவாரி 1690இல் மெடிச்சிக்காகச் செய்த ஒரு பெரிய வியோலாவைப் பார்த்தேன், வயலினுக்கு அண்ணன் மாதிரியான கருவி. அதன் கழுத்தைக் கவனித்து வையுங்கள். நாளை பேசுகிறேன்.

நான்காம் நாள்: கிரமோனா

வட இத்தாலியில் ஒரு சின்ன ஊர். தெருவில் நடந்தால் சன்னல்களுக்குள் தொங்கும் வயலின்கள் தெரிகின்றன, வார்னிஷ் காய்வதற்காக. பட்டறைகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. இந்த ஊரின் வயலின் செய்யும் கலையை யுனெஸ்கோ 2012இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வயலினைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்வி இங்கே வந்ததும் குழைந்துவிடுகிறது. ஆந்திரேயா அமாதி என்பார்கள். வயலின் அருங்காட்சியகத்தில் அவர் 1566 வாக்கில் பிரான்ஸ் அரசர் 9ஆம் சார்லஸுக்குச் செய்த வயலின் இருக்கிறது. பார்த்தால் இன்று காலை பட்டறையிலிருந்து வந்ததுபோல எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. ஆனால் அவருக்கு முன்பே ரெபெக் என்ற வில் கருவி இருந்தது, அது அரபு ரபாபின் வழி வந்தது. இடைக்கால ஃபிடில் இருந்தது, லீரா த பிராச்சோ இருந்தது. வில்லால் தேய்த்து வாசிக்கும் பழக்கமே மத்திய ஆசியாவில் தோன்றி, பைசாந்தியம் வழியாகவும் அரேபியர் வழியாகவும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன் ஐரோப்பா வந்தது. குதிரை வளர்த்தவர்கள் தந்த வில் அது. இன்றும் வில்லில் குதிரை வால் மயிர்தான். அமாதி செய்தது என்ன? வெவ்வேறு கருவிகளில் சிதறிக்கிடந்த நல்ல அம்சங்களை ஒரே உடம்பில் கொண்டுவந்து, அளவை முடிவு செய்தார். அதன் பிறகு வந்தவர்களுக்கு அந்த உருவத்தைப் பெரிதாக மாற்றத் தோன்றவில்லை.

வெளியே தெரியும் உருவத்தைத்தான் சொல்கிறேன். நேற்றுச் சொன்ன கழுத்துக்கு வருவோம். இன்று மேடையில் ஒலிக்கும் ஸ்ட்ராடிவாரி வயலின்களில் கிட்டத்தட்ட எல்லாமே கழுத்து மாற்றப்பட்டவை. 1800ஐ ஒட்டி அரங்குகள் பெரிதாயின, சுருதி ஏறியது, சத்தம் கூடுதலாக வேண்டியிருந்தது. பழைய கழுத்தை வெட்டி எடுத்து, இன்னும் நீளமாக, பின்னோக்கிச் சாய்த்துப் புதிது பொருத்தினார்கள். மேல் பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும் பட்டைக் கட்டையையும் தடிமனாக மாற்றினார்கள். ஃபிளாரன்ஸில் இருக்கும் அந்த வியோலாவுக்கு மட்டும் யாரும் கைவைக்கவில்லை. ஆக, 'ஸ்ட்ராடிவாரியின் ஒலி' என்று நாம் உருகுவது பாதி அவருடையது, பாதி பெயர் தெரியாத பல ஆசாரிகளுடையது.

பிற்பகல் ஒரு பட்டறையில் உட்கார இடம் கிடைத்தது. பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு. வயலினுக்குள், தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற சிறு மரத்துண்டின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால், மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே ஒரு சிறு குச்சி நிற்கிறது. சுண்டுவிரலைவிட மெல்லியது. பசை கிடையாது, ஆணி கிடையாது. இறுக்கத்தில் மட்டும் நிற்கிறது. நான்கு தந்திகளும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன, மேல் பலகையோ சுமார் 3 மி.மீ. கனம். அந்தப் பாரத்தைத் தாங்குவதும் அதிர்வைக் கீழ்ப் பலகைக்குக் கடத்துவதும் இந்தக் குச்சிதான். பட்டறையில் வேலை செய்த அம்மா 'எஸ்' போல வளைந்த ஒரு கம்பியின் நுனியில் குச்சியைக் குத்தி, மேல் பலகையில் உள்ள துளை வழியே உள்ளே விட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடிக் குடுவைக்குள் கப்பல் கட்டுகிறவர் மாதிரி நிமிர்த்தினார். வில்லைப் போட்டுக் கேட்டார். முகம் சுளித்தார். மறுபடி கம்பியை விட்டு, லேசாக ஒரு தட்டு. எனக்கு நகர்ந்ததே தெரியவில்லை. திரும்ப வாசித்தபோது வேறு வயலின்.

அந்தக் குச்சிக்கு இத்தாலிய மொழியில் 'ஆனிமா' என்று பெயர். உயிர் என்று பொருள்.

ஸ்ட்ராடிவாரியின் ஒலிக்குக் காரணம் ரகசிய வார்னிஷ், ரகசிய மரம் என்று கதைகள் நிறைய உண்டு. 2012இல் பாரிஸ் அருகே ஒரு சோதனை செய்தார்கள். 10 தனி வாசிப்புக் கலைஞர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, 6 பழைய இத்தாலிய வயலின், 6 புதிய வயலின் கொடுத்தார்கள். 6 பேர் தேர்ந்தெடுத்தது புதிதை. கிரமோனாவில் இதைச் சத்தமாகச் சொல்லவில்லை.

இந்த ஊர் தன் கருவிகளை எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு ஒன்று. 2019 சனவரியில், பழைய வயலின்களின் ஒவ்வொரு சுரத்தையும் ஒலிப்பதிவு செய்து எதிர்காலத்துக்குச் சேமிக்க, அருங்காட்சியக அரங்கைச் சுற்றியுள்ள தெருக்களில் ஐந்து வாரம் வண்டி ஓடவில்லை. சத்தம் போடாதீர்கள் என்று மேயரே மக்களைக் கேட்டுக்கொண்டார். லேசாக ரீங்கரிக்கின்றன என்று அரங்கின் மின்விளக்குகளைக்கூடக் கழற்றி வைத்தார்களாம்.

ஐந்தாம் நாள்: பிரஸ்ஸல்ஸ்

மிலானிலிருந்து விமானம். தூக்கக் கலக்கத்தோடு இசைக்கருவி அருங்காட்சியகம். 1899இல் துணிக்கடையாகக் கட்டிய இரும்பும் கண்ணாடியுமான கட்டடத்தில், 2000இலிருந்து இருக்கிறது. காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் முன்னும் நின்றால் அதன் குரல் கேட்கிறது. அரபு 'அல் ஊத்' மேற்கே போய் 'லூட்' ஆனதைப் பெயரைப் படிக்காமலே காது சொல்லிவிடுகிறது.

இந்த அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் கல்கத்தா இருக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. 1876இல் கல்கத்தா இசை அறிஞர் சௌரீந்திர மோகன் தாகூர் பெல்ஜிய அரசர் 2ஆம் லியோபோல்டுக்கு ஏறத்தாழ நூறு இந்தியக் கருவிகளை அனுப்பிவைத்தார். அவையும், ஃபெதிஸ் என்ற இசை அறிஞரின் சேகரிப்பும் சேர்ந்து மறு ஆண்டே அருங்காட்சியகமாயின. முதல் காப்பாளர் விக்டர் மாயோன். கையில் உலகத்துக் கருவிகள் வந்து குவிகின்றன. எப்படி அடுக்குவது? ஐரோப்பியர் வழக்கப்படி தந்தி, காற்று, தட்டு என்று பிரித்தால் தோலைத் தட்டுவதும் வெண்கலத்தைத் தட்டுவதும் ஒரே அலமாரிக்குப் போகும். இந்திய வழக்கில் பிரிவு நான்கு, ஒலிப்பது எது என்பதை வைத்து. நரம்புக்கருவி, துளைக்கருவி, தோற்கருவி, கஞ்சக்கருவி என்று நாம் சொல்கிறோமே, அதேதான். மாயோன் அந்த நான்கையே எடுத்துக்கொண்டார். 1914இல் ஹார்ன்பாஸ்டல், ஸாக்ஸ் (சாக்சஃபோன் சாக்ஸ் வேறு) என்ற இருவர் அதை விரித்து எழுதிய முறைதான் இன்று உலகெங்கும் அருங்காட்சியகங்களில் புழங்குகிறது.

நாம் ஐந்தாவதாக மிடற்றுக்கருவி என்று தொண்டையையும் சேர்ப்போம். அதை மட்டும் விட்டுவிட்டார்கள். அலமாரியில் வைக்க முடியாது என்பதாலோ என்னவோ.

ஆறாம் நாள்: தினான்

பிரஸ்ஸல்ஸிலிருந்து நமூர் வழியாக ரயில். மியூஸ் ஆற்றங்கரையில், செங்குத்துப் பாறைக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர். பாலத்தின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் வண்ண வண்ண சாக்சஃபோன்கள் நிற்கின்றன. கொஞ்சம் அதிகம்தான்.

அடால்ஃப் சாக்ஸ் 1814 நவம்பர் 6 அன்று இங்கே பிறந்தார். சின்ன வயதில் மாடியிலிருந்து விழுந்தார், ஊசி விழுங்கினார், அமிலம் கலந்த நீரைக் குடித்தார் என்று பட்டியல் நீள்கிறது. பிழைக்காது என்று அக்கம்பக்கத்தார் முடிவு கட்டிய பிள்ளை. கெட்டி ஆயுள், 79 வயது வரை இருந்தார். அப்பாவும் கருவி செய்பவர். மகன் கை வைத்தது முதலில் கிளாரினெட்டில், 1838இல் கனத்த குரல் கிளாரினெட் ஒன்றைத் திருத்திக் காப்புரிமை வாங்கினார்.

கிளாரினெட்டுக்கு ஒரு தொல்லை உண்டு. புல்லாங்குழலில் ஊதும் விதத்தை மாற்றினால் அதே விரலுக்கு மேல் ஸ்தாயியில் அதே சுரம் வரும். கிளாரினெட்டில் அப்படி வராது. மேல் ஸ்தாயியையும் தாண்டிப் போய்ப் பஞ்சமத்தில் நிற்கும். ஒரு முனை அடைத்த, ஒரே சீரான உருளைக் குழாயின் குணம் அது. அதனால் கீழே ஒரு விரலமைப்பு, மேலே வேறு. சாக்ஸ் குழாயை உருளையாக வைக்காமல் கூம்பாக விரித்தார், பித்தளையில். வாயில் வைக்கும் பகுதி கிளாரினெட்டினுடையதுதான். தொல்லை தீர்ந்தது. சத்தமும் பெருகியது. படையணி வாத்தியக் குழுவுக்கு வேறென்ன வேண்டும்? 1845 ஏப்ரலில் பாரிஸ் மைதானத்தில் பழைய பாணிக் குழுவுக்கும் சாக்ஸின் குழுவுக்கும் போட்டி நடந்தது. கூட்டம் சாக்ஸ் பக்கம் சாய்ந்தது. 1846இல் சாக்சஃபோனுக்குக் காப்புரிமை. அப்புறம் போட்டியாளர்கள் வழக்கு மேல் வழக்காகப் போட்டார்கள். 1852, 1873, 1877 என்று மூன்று முறை திவாலானார்.

பட்டியல்காரர்களுக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆறு நாளில் பார்த்தவற்றில் ஒரே ஆளின் பெயரைத் தயங்காமல் எழுத முடிவது பியானோவுக்கும் இதற்கும் மட்டும்தான். எழுதும்போதே கிளாரினெட் பக்கத்தில் நின்று முறைக்கிறது.

அவர் பிறந்த வீட்டு வாசலில் வெண்கலச் சிலையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். மழை வந்தது.

திரும்பும் ரயிலில் எதிர் இருக்கையில் பதினைந்து வயதுப் பையன், மடியில் சாக்சஃபோன் பெட்டி. அதிலிருந்து சின்னப் பிளாஸ்டிக் உறையை எடுத்தான். உள்ளே ரீட், விரல் அகலத்துக்குச் சீவிய நாணல் தட்டை. வாயில் வைத்து ஊறவைத்தபடியே சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தான். நுனியில் மயிரிழை விரிசல். 'உச்' கொட்டிவிட்டு அதைக் குப்பைத் தொட்டியில் போட்டான், அடுத்ததை எடுத்து வாயில் வைத்தான்.